நூற்புழு மண்ணில் தேறிய கிழங்கு: நீலகிரியின் குஃப்ரி ஸ்வர்ணா, ஒரு நிகழ்வு ஆய்வு

முத்தோரை பாலாடா பள்ளத்தாக்கில் ஒரு ஜூன் மாதக் காலை. சித்திரையில் நட்ட கிழங்குச் செடிகள் முழங்கால் உயரம் வந்து பச்சைப் பசேலென்று நின்றன. ஆனால் தோட்டத்தின் நடுவில், ஒரு பாய் விரித்தால் மூடிவிடும் இடத்தில் மட்டும், செடிகள் சாண் உயரத்தைத் தாண்டவில்லை. அடியிலைகள் மஞ்சளடித்திருந்தன. முந்தின நாள் நல்ல மழை பெய்தும் அந்தச் செடிகள் தண்ணீரே காணாததுபோலத் துவண்டு கிடந்தன.

"மேலே பார்த்தா ஒண்ணும் தெரியாது தம்பி, வேரைப் பாருங்க" என்றார் தோட்டக்காரப் பெரியவர். ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசி என் கையில் கொடுத்தார். நூல் நூலான வேர்களில் ரவை ஒட்டினாற்போல உருண்டைகள். சில வெள்ளை, சில தங்க நிறம், இரண்டொன்று பழுப்பு. கிளம்பும்போது வரப்பிலேயே நிறுத்தி, "செருப்பு மண்ணை இங்கேயே தட்டிட்டுப் போங்க. பக்கத்துத் தோட்டத்துக்கு இது போகக் கூடாது" என்றார்.

அந்த ரவை உருண்டைகள் உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழுக்கள். அவற்றைத் தாங்கி நிற்க 1985இல் வெளிவந்த ரகம் குஃப்ரி ஸ்வர்ணா. அந்த ரகம் உருவாக எந்தெந்த ஊர்களின் உழைப்பு கைகோத்தது, அந்தக் கைகோப்பு எந்த இடத்தில் தளர்ந்தது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு. நல்ல ரகம் ஒன்று வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

மண்ணுக்குள் இருக்கும் கணக்கு

நீலகிரிக்கு உருளைக்கிழங்கு வந்து 200 ஆண்டுகள் ஆகின்றன. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் மலைக்குக் கொண்டுவந்த பயிர்களில் அதுவும் ஒன்று. படுகர் ஊர்களில் அது சீக்கிரமே பணப்பயிரானது. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டில் மூன்று முறை நடலாம். இப்படி ஓயாமல் கிழங்கு விளையும் மலைகள் இந்தியாவில் குறைவு. நூற்புழுவுக்கும் அதுதான் வசதியாகப் போயிற்று.

1961இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நூற்புழு அறிஞர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ், ஊட்டியில் விஜயநகரம் பகுதித் தோட்டமொன்றில் இதை முதலில் அடையாளம் கண்டார். இந்தியாவில் அதுவே முதல் பதிவு. வெளிநாட்டு விதைக்கிழங்கோடு ஒட்டிய மண்ணில் எப்போதோ வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கருத்து. கண்டுபிடித்தது 1961 என்றாலும், அதற்குப் பல காலம் முன்பே அது மண்ணில் குடியேறியிருக்கும். ஒரு தோட்டத்தில் கண்ணுக்குப் படும் அளவு பெருகவே இதற்கு வருடங்கள் பிடிக்கும்.

இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். பெண் புழு செத்தபின் அதன் தோலே இறுகிக் கூடாகிவிடுகிறது. ஒரு கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். 20 ஆண்டு ஆனாலும் சில முட்டைகள் உயிரோடு காத்திருக்கும். பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர் வந்து அதன் கசிவு மண்ணில் கலந்ததும் குஞ்சுகள் பொரிந்து வெளியே வரும். வேருக்குள் நுழைந்து, அங்குள்ள செல்களை ஒன்றாகச் சேர்த்துத் தனக்கொரு தீனித்தொட்டி அமைத்துக்கொள்ளும். அதிலிருந்து உறிஞ்சி வளர்ந்த பெண் புழு ஊதி உருண்டையாகி, வேரின் தோலைக் கிழித்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். என் கையில் இருந்த வேரில் பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான்.

மருந்து அடித்துத் தீர்க்கும் காரியம் இல்லை இது. கார்போபியூரான் குருணை போட்டால் அந்தப் போகத்துக்குக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம். கூட்டுக்குள் உறங்கும் முட்டைகளை அது ஒன்றும் செய்யாது. மேலும் அந்த மலையின் ஓடைகள் இறங்கி வந்துதான் சமவெளி ஆறுகளுக்குத் தண்ணீர் தருகின்றன. நஞ்சை ஆண்டுக்கு மூன்று முறை அந்தச் சரிவில் கொட்டுவது எப்படித் தொடர முடியும்?

மற்ற மாநிலங்களுக்குப் பரவாமல் இருக்க, நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று உள்நாட்டுத் தடுப்புக் கட்டுப்பாடு வந்தது. அவசியமான முடிவுதான். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்த விலை என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு புழு என்று நினைத்தது இரண்டு

எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மரபணுவும் கையில் இருந்தது. 1952இல் கான்ராட் எல்லன்பி என்ற ஆங்கிலேய ஆய்வாளர், தென் அமெரிக்காவிலிருந்து திரட்டிய கிழங்குகளைச் சோதித்து, ஆண்டிஜீனா வகைக் கிழங்கு ஒன்றின் வேரில் புழு வளரவில்லை என்று கண்டிருந்தார். அவர் எடுத்தது காமன்வெல்த் உருளைக்கிழங்குத் தொகுப்பிலிருந்து. 1939இல் ஆங்கிலேயப் பயணக் குழு ஒன்று ஆண்டிஸ் மலைகளில் அலைந்து சேர்த்த தொகுப்பு அது. புழுவைத் தடுக்கும் அந்த எதிர்ப்புத்திறனைத் தரும் மரபணுவுக்கு எச்1 என்று பெயர். ஐரோப்பாவில் அதை வைத்துப் பல ரகங்கள் வந்தன.

அந்த எச்1 மட்டும் நீலகிரிக்குப் போதாது. ஒரே இனம் என்று எண்ணியிருந்ததை 1973இல் இரண்டாகப் பிரித்தார்கள். தங்க நிறமாக மாறுவது குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸ். தங்க நிறத்துக்கு வராமல் வெள்ளையிலிருந்து நேராகப் பழுப்புக்குப் போவது குளோபோடெரா பாலிடா. எச்1 முதலாவதின் சில வகைகளைத்தான் தடுக்கும், பாலிடாவைத் தொடாது. நீலகிரி மண்ணில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. எச்1 மட்டும் உள்ள ரகத்தை அங்கே தொடர்ந்து நட்டால் தங்க நிறப் புழு குறையும், அந்த இடத்தைப் பாலிடா பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவின் பல பகுதிகளில் இதே மாற்றம் நடந்திருக்கிறது.

ஆக, இரண்டு இனத்தையும் தாங்கும் மூலம் தேவைப்பட்டது. அது அர்ஜென்டினாவின் வடமேற்கு மலைகளில் வளரும் சொலானம் வெர்னெய் என்ற காட்டுக் கிழங்கில் இருந்தது. ஒரே மரபணுவின் வேலையாக இல்லாமல், பல மரபணுக்கள் சேர்ந்து தரும் தடை அது. நோயும் ஆண்டிஸிலிருந்து வந்தது, மருந்தும் அதே மலைத்தொடரிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. புழுவும் கிழங்கும் காலங்காலமாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த இடம் அதுதானே.

காட்டுக் கிழங்கை நேரடியாகத் தோட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. கிழங்கு பொடிப் பொடியாக இருக்கும், கசக்கும். அதில் 24 குரோமோசோம், நாம் சாப்பிடும் கிழங்கில் 48. அந்தத் தடையைக் காட்டுக் குணங்களிலிருந்து பிரித்து, சாப்பாட்டுக் கிழங்கோடு திரும்பத் திரும்பக் கலந்து, பயிராக்கத் தகுந்த நிலைக்குக் கொண்டுவந்த பெரும் வேலை நெதர்லாந்தில் நடந்தது. அங்கே உருவான தாய்ச்செடிகளில் ஒன்று விடிஎன் 62-33-3. அதைப் பல நாடுகள் வாங்கிப் பயன்படுத்தின, இந்தியாவும் வாங்கியது.

குஃப்ரி பூக்கள், ஊட்டி மண்

மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் பாட்னாவில் தொடங்கி 1956இல் சிம்லாவுக்குப் போனது. போனதற்குக் காரணங்களில் ஒன்று பூ. உருளைக்கிழங்கு நன்றாகப் பூத்துக் காய்க்க நீண்ட பகலும் குளிரும் வேண்டும். சமவெளியில் குளிர்காலப் பகல் குட்டை, அங்கே பெரும்பாலும் பூக்காது. சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரியில் கோடைப் பகல் 14 மணி நேரம் வரை நீளும். மகரந்தம் எடுத்துக் கலப்புச் செய்ய ஏற்ற இடம். அதனால்தான் இந்த நிறுவனத்தின் ரகங்களுக்கு முன்னால் குஃப்ரி என்று போடுகிறார்கள். 1957இல் நீலகிரியின் முத்தோரையில் இதன் நிலையம் வந்தது. புழுவைக் கண்டுபிடிப்பதற்கு 4 ஆண்டுகள் முன்பே அந்த நிலையம் அங்கே இருந்தது பெரிய கொடுப்பினை.

ஸ்வர்ணாவின் ஒரு பெற்றோர் அந்த நெதர்லாந்துச் செடி. மற்றது 1968இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி. ஜோதியைப் பற்றி நீலகிரியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். மலை மழையில் இலைகளை ஒரே வாரத்தில் கருக்கிவிடும் பின்பருவக் கருகல் நோயை அது அப்போது தாங்கியது, விளைச்சலும் நன்றாக இருந்தது. ஜோதிக்கு இல்லாதது நூற்புழுத் தடை. வெளிநாட்டுச் செடிக்கு இல்லாதது நம் மலைக்கு ஏற்ற உடம்பு.

கலப்பு செய்துவிட்டால் ரகம் வந்துவிடாது. கிழங்கில் ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு நான்காக இருப்பதால், கலப்புக் காயிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு விதையும் தனித்தனிச் செடி. ஒரே காயின் இரண்டு விதைகளில் ஒன்று நெட்டைச் செடியாக, ஆழக் கண் கிழங்கோடு வரும், இன்னொன்று வேறு விதமாக வரும். நாற்றுகளை வளர்த்து, பெரும்பகுதியைக் கழித்து, மிஞ்சியதைக் கிழங்காக நட்டு, மறுபடி கழித்து, இப்படியே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிடும்.

சரி, எதை வைத்துக் கழிப்பது? முத்தோரையின் பங்கு இங்கேதான் வருகிறது. நூற்புழுச் சோதனையின் அடிப்படை எளிது. புழு முட்டை எவ்வளவு இருக்கிறது என்று எண்ணித் தெரிந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, ஒரு கிழங்கை நட வேண்டும். ஏறத்தாழ 60 நாள் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தால் மண் உருண்டை உடையாமல் வெளியே வரும். வேர்கள் தொட்டிச் சுவரை ஒட்டி வளர்ந்திருப்பதால் உருண்டையின் வெளிப்பக்கத்தில் பின்னிக்கொண்டு தெரியும். அந்த வேர்களில் பெண் புழு எத்தனை என்று கண்ணால் எண்ணுவார்கள். ஐந்துக்குள் இருந்தால் செடி தப்பிக்கும், நிறைய இருந்தால் எவ்வளவு அழகான கிழங்காக இருந்தாலும் அது குப்பைக்கு. ஒரு குளோனுக்கு, அதாவது ஒரே நாற்றிலிருந்து கிழங்காகப் பெருக்கிய வரிசைக்கு, ஒரு தொட்டி போதாது, பல தொட்டி வேண்டும், பல ஆண்டு வேண்டும். குனிந்து உட்கார்ந்து ரவை எண்ணும் வேலை. விருதுப் பட்டியலில் இந்த வேலை வராது, ஆனால் அது இல்லாமல் ரகமே இல்லை.

எண்ணும்போது கவனிப்பது இன்னொன்று. தடையுள்ள செடியின் வேரும் கசிவை விடும், அதற்கும் புழு பொரியும், வேருக்குள் நுழையும். ஆனால் தீனித்தொட்டி அமையாது. குஞ்சுகள் செத்துப்போகும் அல்லது ஆணாக மாறும். அதாவது தடையுள்ள ரகம் தன்னைக் காத்துக்கொள்வதோடு நிற்பதில்லை, முட்டைகளை ஏமாற்றிப் பொரிக்க வைத்து மண்ணையும் சுத்தம் செய்கிறது. முட்டைக்கோஸோ கேரட்டோ நட்டாலும் புழு குறையும், ஆனால் மெதுவாக. கசிவு இல்லாததால் பெரும்பாலான முட்டைகள் தூங்கிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சோதனையை சிம்லாவில் உட்கார்ந்து செய்திருக்க முடியாது. நோயுள்ள மண்ணை வேறு மலைக்கு எடுத்துப் போவதே தவறு. அதுமட்டுமா? குஃப்ரி 31 பாகை வடக்கில், ஊட்டி 11 பாகையில். அங்கே 14 மணிப் பகலில் கிழங்கு பிடிக்கும் செடி இங்கே 12 மணிப் பகலில் எப்படி நடந்துகொள்ளும் என்று அங்கே தெரியாது. நீண்ட பகலில் செழித்து வளரும் செடி இங்கே முன்னதாகவே கிழங்கு வைத்து முடங்கிவிடலாம். கலப்பு செய்ய ஓர் இடம், கழித்துக்கட்ட வேறோர் இடம், பிறகு 1970-71இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த உருளைக்கிழங்குத் திட்டத்தின் மையங்களில் பரிசோதனை என்ற ஏற்பாடு இந்த நாட்டின் அகலத்துக்கு அவசியம். இதில் எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கடைசிச் சொல் நோய் இருக்கும் ஊரிடம் இருந்தது. ஸ்வர்ணா தேறியதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான்.

ரகம் வந்தது, விதை வந்ததா?

1985இல் நீலகிரிக்கென்று குஃப்ரி ஸ்வர்ணா வெளியானது. வெள்ளைக் கிழங்கு. இரண்டு நூற்புழு இனங்களுக்கும் தடை. ஆராய்ச்சியாகப் பார்த்தால் முழு வெற்றி. கூடவே பரிந்துரையும் வந்தது: ஸ்வர்ணாவையே தொடர்ந்து நடாதீர்கள், இடையில் கேரட், பூண்டு, முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று சுழற்சி செய்யுங்கள், ஒரு போகம் பழைய ரகமும் வரட்டும். தடையுள்ள ரகத்தையே ஆண்டுதோறும் நட்டால் அதை மீறும் புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும் என்பதால் அப்படிச் சொன்னார்கள்.

இருந்தும், ஜோதி தோட்டத்தை விட்டுப் போகவில்லை. 1990களின் இறுதியில் வந்த குஃப்ரி கிரிராஜும் கருகலைத் தாங்கும் என்பதற்காக இடம் பிடித்தது. அதற்கு நூற்புழுத் தடை கிடையாது. விவசாயிக்கு அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. மழை மாதத்தில் கருகல் கண்ணெதிரே ஒரு வாரத்தில் தோட்டத்தை அழிக்கும். புழு பத்து வருடத்தில் மெல்ல அழிக்கும். எதைப் பார்த்து ஒருவர் முதலில் பயப்படுவார்?

என் கணிப்பில், அதைவிடப் பெரிய காரணம் விதை. இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு ஹெக்டேருக்கு இரண்டு முதல் இரண்டரை டன் விதைக்கிழங்கு வேண்டும். நெல் மாதிரி ஒன்று நூறாகப் பெருகாது, ஒரு டன் நட்டால் எட்டுப் பத்து டன்தான் விதையாக மீளும். ஆயிரம் ஹெக்டேருக்கு ஸ்வர்ணா போட வேண்டுமென்றால் 2,000 டன்னுக்கு மேல் சுத்தமான விதை தேவை. அதை எங்கே பெருக்குவது? நீலகிரியிலேயே பெருக்கினால் அங்கே வைரஸைச் சுமக்கும் அசுவினிப் பூச்சி ஆண்டு முழுவதும் பறக்கிறது, வைரஸ் ஏறி விதை சில போகத்தில் நலிந்துவிடும். நூற்புழு மண்ணும் கூடவே ஒட்டிக்கொள்ளும். பஞ்சாபில், அசுவினி குறைந்த குளிர்காலத்தில் பெருக்கலாம், வட இந்தியாவின் விதை முறையே அப்படித்தான் நிற்கிறது. ஆனால் அங்கே விதை போடுபவர் நாடு முழுக்க விற்கும் ரகத்தைத்தான் போடுவார். தென்கோடியில் ஒரே ஒரு மாவட்டத்துக்கு மட்டும் தேவைப்படும் ரகத்தைப் போட அவருக்கு என்ன தூண்டுதல்?

இங்கேதான் அந்தத் தடுப்புக் கட்டுப்பாட்டின் விலை தெரிகிறது. நீலகிரி விதை வெளியே போகக் கூடாது என்ற விதி மற்ற மாநிலங்களைக் காத்தது. ஆனால் நீலகிரி தன் விதைக்கு வெளியாரை நம்பி நிற்கும்படியும் ஆயிற்று. அந்த மலை மொத்த நாட்டுக்காகத் தன் விதை வியாபாரத்தை விட்டுக்கொடுத்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அப்படி விட்டுக்கொடுத்த ஊருக்கு, அதற்கென்றே செய்த ரகத்தின் விதையைப் பொது நிதியில் பெருக்கித் தருவதுதான் முறையாக இருந்திருக்கும். ரகம் உருவாக்கப் பல நாடுகளின் மூலப்பொருளும் இரண்டு மலைகளின் உழைப்பும் சேர்ந்தன. விதை பெருக்க அதே அளவு கைகள் சேரவில்லை.

இதற்கிடையே நீலகிரியில் கிழங்குப் பரப்பே சுருங்கிவிட்டது. தேயிலையும் கேரட்டும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. மேட்டுப்பாளையம் மண்டியில் இன்றைக்கும் செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்குக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் பக்கத்திலேயே குஜராத், ஆக்ரா மூட்டைகள் அடுக்கியிருக்கும்.

வடக்கே திரும்பிய பாதை

நீலகிரியின் தனிப் பிரச்சினை என்று பல காலம் நினைத்திருந்தது பிறகு வடக்கிலும் முளைத்தது. இமாசலப் பிரதேசம், உத்தரகாண்ட், ஜம்மு காஷ்மீர் மலைகளிலும் நூற்புழு தெரியவர, 2018இல் அந்தப் பகுதிகளின் விதைக்கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை போட்டது. நாட்டுக்கே விதை கொடுத்துவந்த மலைகள் அவை. நீலகிரி பல பத்தாண்டுகளாகச் சுமந்த விதி ஒரே நாளில் அங்கேயும் வந்து நின்றது.

அப்போது கைகொடுத்ததில் முத்தோரையின் அனுபவமும் உண்டு. தொட்டி கவிழ்க்கும் சோதனை, இரண்டு இனத்தையும் பிரித்தறியும் பழக்கம், வெர்னெய் வழி வந்த தாய்ச்செடிகள் எல்லாம் அங்கே தயாராக இருந்தன. விதைக்கிழங்கைச் சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, தோலில் ஒட்டிய முட்டைக்கூடுகளை அழிக்கும் முறையும் வந்தது. ஸ்வர்ணாவுக்கு அப்புறம் நீலகிரிக்கென்று குஃப்ரி நீலிமாவும் குஃப்ரி சஹ்யாத்ரியும் வந்தன. வடக்கு மலைகளை நினைத்து வந்த குஃப்ரி கரணிலும் நூற்புழுத் தடை இருக்கிறது. இப்போது நாற்று நிலையிலேயே ஓர் இலைத்துண்டை எடுத்து, தடையோடு சேர்ந்து வரும் மரபுக் குறி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துவிடலாம். ஆயிரம் தொட்டி வைக்க வேண்டிய இடத்தில் நூறு வைத்தால் போதும். ஆனால் அந்த நூறையும் புழு மண்ணில்தான் வைக்க வேண்டும், கடைசியில் ஒருவர் குனிந்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

பாலாடாப் பெரியவரிடம் புது ரகங்களைப் பற்றிக் கேட்டேன். கேள்விப்பட்டிருக்கிறார். அந்தப் பாய் அளவு இடத்தைக் காட்டி, அடுத்த போகம் அங்கே பூண்டு, அதற்கடுத்து கேரட், வரப்பு ஓரமாகக் கடுகு என்று விரல்விட்டுச் சொன்னார்.

"அதுக்கப்புறம் கிழங்குதானே ஐயா?"

"கிழங்குதான். புழு தாங்குற விதை எத்தனை மூட்டை கிடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி. இந்தத் தோட்டத்துக்கு மட்டும் இருபது மூட்டை வேணும்."